கவுன்சிலிங் சீசன்

எங்கள் ஊரில் கவுன்சிலிங் என்றால் ஒரே அர்த்தம்தான். பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு மார்க் வந்து, ரேங்க் வந்து, எந்த இன்ஜினியரிங் காலேஜில் எந்தப் படிப்பு என்று சீட் ஒதுக்குவது. ஜூன் பிறந்துவிட்டால் பனியன் கம்பெனி கேன்டீனில் தொடங்கி பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் இதே பேச்சுதான். “உங்க பையனுக்குக் கவுன்சிலிங் எப்பங்க?” என்று ஒருவர் கேட்டால், கேட்கப்பட்டவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பதில் சொல்வார்.

ஒரு வருஷத்து சீசனில் நானும் கவுன்சிலிங் போனேன். வாரம் தவறாமல் போனேன். ஆனால் நான் போனது அரசு ஆஸ்பத்திரியின் பின்பக்கம், மனநலப் பிரிவை ஒட்டியிருந்த ஒரு சின்ன அறைக்கு. வார்த்தை ஒன்றுதானே என்று என் அம்மா அதை வைத்துக்கொண்டே ஒரு முழு சீசனை ஓட்டிவிட்டாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். முதலிலிருந்து சொல்லத்தான் அந்த அறையில் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

நாங்கள் ஊத்துக்குளிப் பக்கத்து ஆட்கள். அப்பாவும் அம்மாவும் பனியன் வேலைக்கென்று முதலிபாளையத்தில் ஒரு லைன் வீட்டுக்கு வந்தவர்கள். வரிசையாக வீடுகள், நடுவில் ஒரே குழாய். கோடியில் ஓனரம்மா வீடு. பக்கத்து வீட்டில் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மாவும் மகளும் இருந்தார்கள். மகளுக்கு என் வயது. ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அவள் தன் அம்மாவை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். மாமன்கள் இருந்த வீட்டில் வளர்ந்தவள், அவர்கள் அக்கா என்றதைக் கேட்டு அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. லைன் வீட்டில் நாங்கள் எல்லோருமே அவரை அக்கா என்றோம். ஓனரம்மாவுக்கு மட்டும் அது பிடிக்காது. “பெத்தவளைப் போயி அக்காங்கறதா? அம்மான்னு வாய் நெறையக் கூப்புடு கண்ணு” என்று பார்க்கிறபோதெல்லாம் சொல்வார். அவள் சிரித்துவிட்டு, வேண்டுமென்றே இன்னும் சத்தமாக “யக்கோவ்” என்பாள்.

பிளஸ் ஒன் முடிந்த மே மாத லீவில் இரண்டு பேரும் ஒரு கம்பெனிக்கு பிசிர் வெட்டப் போனோம். தைத்து வரும் பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டுவதுதான் வேலை. லீவில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் போவதுதான். காலையில் கம்பெனி வேன் தெரு முக்குக்கு வரும். ஒரு நாள் அந்த வேன் ஊத்துக்குளி ரோட்டில் ஒரு தண்ணி லாரியில் மோதிக் கவிழ்ந்தது. எனக்குக் கை முறிந்தது. அவள் அந்த இடத்திலேயே போய்விட்டாள்.

அவளைக் கொண்டுவந்து வாசலில் கிடத்தியிருந்தபோது, கையில் கட்டோடு என்னை அழைத்துப்போய் அவள் அம்மா முன்னால் நிறுத்தினார்கள். அவர் அழவில்லை. என் முகத்தையே பார்த்தார். “ஏ புள்ள, நீதான பக்கத்துல இருந்த. கடைசியா என்ன சொன்னா?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்த ஓனரம்மாதான் பதில் சொன்னார்.

“அம்மா, அம்மான்னு கூப்புட்டுட்டேதான் போச்சுங்க புள்ள. ஏங் கண்ணு, அப்படித்தானே?”

கேட்டுவிட்டு என் தோளை ஓர் அழுத்து அழுத்தினார். நான் தலையை ஆட்டினேன். சுற்றியிருந்த பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். உயிரோடு இருந்தவரை திருத்த முடியாதவளைச் செத்தபிறகாவது முறையாகக் கூப்பிட வைத்துவிட்டார் ஓனரம்மா. பெற்றவளுக்கு ஆறுதல் சொல்லியாயிற்று என்று எல்லோருக்கும் நிம்மதி. அந்தத் தாயின் முகம் ஏன் அப்படிச் செத்துப்போனது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்குச் செய்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. நான் பேசாமலே கிடந்ததைப் பார்த்து, பயந்த கோளாறு என்றார்கள். மந்திரித்தார்கள், திருநீறு போட்டார்கள், முகத்தில் தண்ணீர் அடித்தார்கள், மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டினார்கள். “தெளிஞ்சிருச்சுங்க” என்று அம்மா லைன் வீடு முழுக்க அறிவித்தாள். அறிவித்த கையோடு ஒரு சட்டமும் போட்டாள். அதைப் பற்றி இனி யாரும் என்னிடம் பேசக் கூடாது, நானும் பேசக் கூடாது. முக்கியமாகப் பக்கத்து வீட்டு அக்காவோடு பேசவே கூடாது. “அவங்களைப் பாத்தா நீ அழுவே, உன்னைப் பாத்தா அவங்க அழுவாங்க. எதுக்கு? மறந்துரு.”

மறந்துரு என்று சொல்கிறவர்களுக்கு அது எவ்வளவு சுலபம்! ரோட்டில் எவனாவது பிரேக் போட்டால் எனக்குக் கால் துவண்டுவிடும். டீசல் வாடை வந்தால் வாந்தி வரும். பஸ்ஸில் ஏற முடியாது, வேனைக் கண்டாலே அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போவேன். தூக்கம் என்பது கிடையாது. தொண்டையில் எப்போதும் ஏதோ ஒன்று அடைத்துக்கொண்டே இருக்கும். எச்சில் விழுங்கினாலும் போகாது. பிளஸ் டூ முழுக்க இப்படித்தான். வகுப்பில் என் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது, அதில் உட்கார ஒருத்திக்கும் தைரியமில்லை. கடைசியில் பிசிக்ஸ் பரீட்சை அன்று வெளியே ஒரு லாரி கிரீச்சென்று நின்றது. பேப்பரைப் போட்டுவிட்டு ஹாலிலிருந்து ஓடிவந்துவிட்டேன்.

எங்கள் வகுப்பு டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். “இவளைக் கவுன்சிலிங் அனுப்புங்கம்மா, உடனே” என்றார்.

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. “ஏனுங்க டீச்சர், ரிசல்ட்டே இன்னும் வரலீங்களே?” என்றாள்.

டீச்சர் விளக்கிச் சொன்னார். இது சீட்டு வாங்குகிற கவுன்சிலிங் இல்லை, மனசுக்குப் பார்க்கிற வைத்தியம் என்றார். சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் சுருங்கியது. ஆஸ்பத்திரியில் பணமும் கேட்க மாட்டார்கள், பைத்தியம் என்றும் எழுத மாட்டார்கள் என்று டீச்சர் எத்தனையோ தைரியம் சொல்லித்தான் சம்மதிக்க வைத்தார். ஆனால் அந்த வார்த்தையின் உபயோகம் அம்மாவுக்கு அன்றைக்கே பிடிபட்டுவிட்டது.

முதல் தடவை கிளம்பிய காலையில் ஓனரம்மா குழாயடியில் இருந்தார். “காலங்காத்தால புள்ளையக் கூட்டிட்டு எங்க கெளம்பிட்டீங்க?” என்றார்.

“கவுன்சிலிங்குக்குங்க” என்றாள் அம்மா.

“அட, அதுக்குள்ளயா! நல்லாரு சாமி. பெரிய இஞ்சினீராகி வா.”

அம்மா மறுக்கவில்லை. பொய் சொல்லவும் இல்லையே என்று பிறகு என்னிடம் வாதாடினாள். பிசிக்ஸ் பேப்பரைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்த நான், குழாயடி வரைக்கும் கம்ப்யூட்டர் இன்ஜினியர் ஆகிவிட்டேன். அடுத்தவர்கள் வந்து எந்தக் காலேஜில் கேன்டீன் நன்றாக இருக்கும் என்று எனக்கு யோசனை சொன்னார்கள்.

பஸ் ஏற முடியாததால் அப்பாவின் மொபெட்டில் கண்ணை மூடிக்கொண்டு போவேன். அந்த அறையில் இருந்த பெண்ணைக் கவுன்சிலர் என்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் கவுன்சிலர் என்றால் குப்பை வண்டி வரவில்லை என்று போய்ச் சண்டை போடும் ஆள்தான் ஞாபகத்துக்கு வருவார். அதனால் மேடம் என்றே வைத்துக்கொள்கிறேன். கதவைத் திறந்ததும் “வாங்க, உட்காருங்க” என்றார். பதினேழு வயதுப் பிள்ளையை யார் எங்கள் பக்கத்தில் ‘வாங்க’ என்றார்கள்? கிண்டல் செய்கிறாரோ என்று எரிச்சலாக இருந்தது. ஆரம்பத்தில் எனக்கு அவர் மேல் நம்பிக்கையே இல்லை. மந்திரித்தவர் முகத்தில் தண்ணீர் அடித்தார், இவர் குடிக்கக் கொடுக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்தேன்.

சில வாரங்களுக்கு அவர் வேனைப் பற்றிக் கேட்கவே இல்லை. நெஞ்சு படபடக்கும்போது காலைத் தரையில் அழுத்தி ஊன்றச் சொன்னார். மூச்சை மெதுவாக விடச் சொன்னார். கண்ணில் படுகிற சாமான்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். நாற்காலி, காலண்டர், ஜன்னல், சுவரில் ஒழுகிய கறை. சின்னப்பிள்ளை விளையாட்டு என்று சிரித்துக்கொண்டே செய்தேன். ஒரு நாள் ரோட்டில் ஒரு லாரி பிரேக் போட்டபோது, ஓடாமல் நின்று, எதிர்க் கடையில் தொங்கிய வாழைத்தாரையும் குடத்தையும் பெயர் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் சிரிப்பு நின்றது.

அதன் பிறகே அந்த நாளைச் சொல்லச் சொன்னார். காலையில் எழுந்ததிலிருந்து, ஒன்றன் பின் ஒன்றாக, எதையும் தாண்டாமல். எனக்குக் கோபம் வந்தது. “எல்லாரும் மறக்கச் சொல்றாங்க, நீங்க ஞாபகப்படுத்தறீங்களே?” என்று கேட்டேன்.

“மறந்தாச்சுங்களா?” என்று திருப்பிக் கேட்டார்.

எனக்கு அழுகை வந்தது. எங்கள் தொழிலிலேயே அதற்குப் பதில் இருந்தது. தையல் கோணிப்போன பனியன் திரும்பி வந்தால், கோணலுக்கு மேலேயே இன்னொரு தையல் ஓட்டினால் துணிதான் சுருங்கும். கோணின இடம் வரைக்கும் பிரித்தாக வேண்டும். மேடம் என்னைப் பிரிக்க வைத்தார். வாரா வாரம் அதே காலை, அதே முக்கு, அதே வேன். முதல் தடவை வேன் வந்து நிற்பதோடு நிறுத்திக்கொண்டேன். பிறகு ஏறி உட்கார்வது வரை வந்தேன். ஒவ்வொரு தடவையும் உடம்பு நடுங்குவது கொஞ்சம் குறைந்தது. இடையில் ஆஸ்பத்திரி வளாகத்தில் நின்றிருந்த ஒரு வேனின் பக்கத்தில் என்னோடு வந்து நின்றார். அடுத்த வாரம் அதன் கதவைத் தொட்டேன். இன்று கம்பெனி வேனில் உட்கார்ந்து நான் வேலைக்குப் போகிறேன் என்றால் அதற்குக் காரணம் அந்த அறை. கறுப்புக் கயிறு இல்லை.

ஆனால் ஓர் இடத்தில் மட்டும் சிக்கிக்கொண்டே இருந்தது. மோதின சத்தத்தைச் சொல்லிவிட்டேன். கண்ணாடி நொறுங்கியதைச் சொல்லிவிட்டேன். அதற்கடுத்து “அவ அம்மான்னு கூப்புட்டா” என்பேன். உடனே தொண்டை அடைத்துக்கொள்ளும், குமட்டும். இப்படி எத்தனையோ தடவை. ஒரு நாள் மேடம் மெதுவாகக் கேட்டார்.

“அவங்க கூப்பிட்டது உங்க காதுல கேட்டுச்சுங்களா?”

என்ன கேள்வி இது என்று நிமிர்ந்து பார்த்தேன். நான் சொன்னால் கேட்டிருக்கும் என்றுதானே அர்த்தம்! அவர் அவசரப்படாமல் உட்கார்ந்திருந்தார். நான் மனசுக்குள் அந்த வேனுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தேன். ஏறியதும் அவள் டிபன் டப்பாவைத் திறந்து பார்த்தாள். “எங்க அக்காவுக்குத் தக்காளிச் சோத்த விட்டா வேற ஒண்ணும் தெரியாதுட்டி. மத்தியானம் உன் டப்பா எனக்கு” என்றாள். அப்புறம் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். தூங்கிவிட்டாள். எச்சில் ஒழுகி என் சுடிதார் தோளில் ஈரமானது. மோதும்போது அவள் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். கண் திறக்கவே இல்லை. யாரையும் கூப்பிடவில்லை.

அதை உரக்கச் சொன்னேன். “அவ தூங்கிட்டு இருந்தாங்க மேடம்.” ஒரு வருஷமாகத் தொண்டையில் அடைத்திருந்தது என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. விபத்து இல்லை. ஓனரம்மா என் வாயில் திணித்த வார்த்தை. பதினாறு வயதுப் பிள்ளை நான், கை ஒடிந்து, சிநேகிதியைப் பறிகொடுத்து நின்றபோது, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கக்கூடத் தோன்றாமல் எனக்காகத் தாங்களே பேசிவிட்டார்கள். அப்புறம் நான் பேசவில்லையே என்று கயிறு கட்டினார்கள்.

“இதை அவங்க அம்மாகிட்டச் சொல்லணும்னு தோணுதுங்களா?” என்று கேட்டார் மேடம்.

தெரியவில்லை என்றேன். பயமாக இருந்தது. கடைசியாக அம்மா என்று கூப்பிட்டாள் என்பதுதானே அந்தத் தாயிடம் மிச்சமிருக்கிற ஒரே சொத்து, அதையும் நான் பிடுங்குவதா? அவசரமில்லை, அடுத்த வாரம் அதைப் பேசலாம் என்றார்.

அடுத்த வாரம் வரவில்லை. சீசன் முடிந்துவிட்டது.

ஓனரம்மாவின் தம்பி பேரன் காலேஜில் சேர்ந்து வகுப்புக்கே போக ஆரம்பித்துவிட்டான். அவர் அம்மாவைக் குழாயடியில் பிடித்துக்கொண்டார். “ஏம்மணி, கவுன்சிலிங்கெல்லாம் முடிஞ்சு பசங்க காலேஜே போறானுங்க. உன்ற புள்ளைக்கு மட்டும் இன்னுமா நடக்குது?”

அம்மா வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள். “இனிப் போக வேண்டாம். கேக்கறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? உனக்குத்தான் இப்பத் தேவலையே” என்றாள்.

பாதி பிரித்த தையலோடு என்னை உட்கார வைத்துவிட்டாள். நோய் தீரவில்லை, சீசன் முடிந்ததால் வைத்தியம் முடிந்தது! இப்படி ஒரு கூத்து வேறெந்த ஊரிலாவது நடக்குமா? சீட்டுக் கிடைக்கவில்லை, கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே தபாலில் படிப்பாள் என்று கதை கட்டவும் தயாராக இருந்தாள். கொஞ்சம் திரும்பி வந்திருந்த தூக்கம் மறுபடி போனது. இந்தத் தடவை தெரிந்தே போனது, அதுதான் இன்னும் கொடுமை. என்ன செய்தால் சரியாகும், எங்கே போனால் சரியாகும் என்பது தெரியும், போகத்தான் விடவில்லை. அப்பாவோ அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாதவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, லைன் வீடு முழுக்கக் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு பெண் என்னைப் பார்த்து “என்ன கண்ணு, கவுன்சிலிங் என்னாச்சு?” என்று கேட்டாள். கேட்டதில் ஒரு சிரிப்பு இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

“நான் போனது காலேஜ் கவுன்சிலிங் இல்லீங்க. ஆஸ்பத்திரியில மனசுக்குப் பாக்கற கவுன்சிலிங். நான் பரீட்சையே முழுசா எழுதலைங்க. அவ செத்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லீங்க. போதுங்களா?”

அம்மா என் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுக்கப் பார்த்தாள். இவ்வளவு நாள் எனக்கு யோசனை சொன்ன வாய்கள் எல்லாம் மூடிக்கொண்டன. ஒருத்தி தன் சின்னப் பிள்ளையை என் பக்கத்திலிருந்து தூக்கிக்கொண்டாள். அதையும் பார்த்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா மட்டும் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு எங்களை நோக்கி வந்தார். அம்மா குறுக்கே நின்றாள். அவர் அம்மாவை விலக்கினார்.

“அப்போ நீ இஞ்சினீயருக்குப் படிக்கலியா புள்ள?”

“இல்லீங்கக்கா.”

“எத்தனை தடவ ஒங்க வாசல்ல வந்து நின்னிருக்கேன் தெரியுமா? ஒங்கம்மா, புள்ள கவுன்சிலிங்குக்குப் போயிருக்குன்னு சொல்லுவா. சரி, எம்மவதான் போயிட்டா, இந்தப் புள்ளையாவது நல்லாப் படிச்சு மேல வரட்டும், இது மனசுல போயி எழவப் போடக் கூடாதுன்னு திரும்பிருவேன். ஒன்ட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்கக்கா.”

“ரொம்ப வலிச்சுதா அவளுக்கு?”

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்.

“எம்மவ என்னைய அக்கான்னுதான் கூப்புடுவா. ஒனக்குத் தெரியும்லா. பொறந்ததுலருந்து அம்மான்னு ஒரு தடவ சொன்னதில்ல. அப்போ அம்மா, அம்மான்னு சொன்னான்னா, அது என்னையக் கூப்புட்டது இல்ல. வலி தாங்காம கத்திருக்கா. அடிபட்டா எல்லாருக்கும் அம்மான்னுதான வாயில வரும். எவ்வளவு நேரம் கத்துனா? அதத்தான் கேக்க வந்தேன்.”

ஆறுதல் என்று நினைத்து ஒரு வார்த்தையைக் கொடுத்தார்கள். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு இந்தப் பெண் ஒரு வருஷத்துக்கு மேலாகத் தினமும் தன் மகள் வலியில் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். உண்மை பக்கத்து வீட்டில் இருந்தது. ஒரு சுவர்தான் நடுவில். அந்த உண்மை பொய்யை விட எவ்வளவு இரக்கமானது! அதை என் வாயிலிருந்து வெளியே எடுக்கத் தெரிந்த ஒரே ஓர் அறைக்கும் போக விடாமல் நிறுத்திவிட்டார்கள்.

காலைத் தரையில் ஊன்றிக்கொண்டேன். அந்த அறையில் சொன்ன மாதிரியே காலையிலிருந்து, வரிசையாகச் சொன்னேன். முக்கில் நின்றது, வேன் வந்தது, அவள் டப்பாவைத் திறந்தது. தக்காளிச் சோறு என்று சலித்துக்கொண்டதைச் சொன்னபோது அவர் வாய் கோணிச் சிரிப்பு வந்தது. “அப்படித்தான் சொல்லுவா, கழுத” என்றார். தோளில் சாய்ந்ததைச் சொன்னேன். எச்சில் ஈரத்தைச் சொன்னேன்.

“தூங்கிட்டுத்தான் இருந்தாக்கா. முழிக்கவே இல்ல. வலிச்சிருக்காது.”

அவர் அப்படியே துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தார். மகளைக் கிடத்தியிருந்த நாளில் வராத அழுகை அப்போது வந்தது. வாயைத் திறந்து, கூச்சமில்லாமல், தெரு வரைக்கும் கேட்கிற மாதிரி அழுதார். நானும் அழுதேன். இரண்டு பேரும் அழுதுவிடுவோம் என்றுதானே எங்களைப் பிரித்து வைத்தார்கள். அழுதோம். அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை.

சத்தம் கேட்டு ஓனரம்மா கோடி வீட்டிலிருந்து வேகவேகமாக வந்தார். என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. வந்த வேகத்தில் அக்காவின் முதுகைத் தடவிக்கொடுத்தார். “அழுவாத கண்ணு. புள்ள கடைசியா உன்னைய அம்மான்னு வாய் நெறையக் கூப்புட்டுட்டுத்தானே போச்சு” என்றார். சொல்லிவிட்டு, அன்றைக்குப் போலவே, என் பக்கம் திரும்பினார். கையும் என் தோளுக்கு வந்தது.

நான் அந்தக் கையை எடுத்துக் கீழே விட்டேன். உள்ளே அவ்வளவு கோபம் கொதித்தும், பாழாய்ப்போன இந்த ஊர் மரியாதை மட்டும் நாக்கை விட்டுப் போகவில்லை.

“இல்லீங்க. கூப்புடலீங்க.”